கோமதி பேர்ல இருந்த வீடு

இந்தப் பைய மேல வைக்க மாட்டேன் அண்ணாச்சி, மடியிலயே இருக்கட்டும். உள்ள பத்திரம் இருக்கு. நீங்க சன்னல் ஓரமாவே இருங்க, எனக்கு ஓரம் வேண்டாம். இதே ரோட்டுல காலமெல்லாம் நின்னுக்கிட்டே போனவன் நான். கண்டக்டர். ஆவுடையப்பன்னா இந்த லைன்ல தெரியாத ஆள் கிடையாது. இப்ப உள்ள பயலுவளுக்குத் தெரியாது, அத விடுங்க. சீட்டுல உக்காந்தா எனக்கு இருப்புக்கொள்ளாது. நடுவுல எந்திரிச்சு நின்னேன்னா கோட்டிக்காரன்னு நெனச்சுராதியோ.

இன்னைக்குத்தான் வீடு என் பேருக்கு வந்துச்சு. சங்கரன்கோவில் பத்திர ஆபீஸ்ல முடிச்சுட்டு நேரா வாரேன். காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. ஆனா பசிக்கல பாத்துக்கிடுங்க. சந்தோசம். சந்தோசமாத்தான் இருக்கேன். ஒரு நிமிசம், ஒரு போன் போட்டுக்கிடுதேன்.

எடுக்கல. கைவேலையா இருப்பா. எங்க வீட்டம்மாதான், கோமதி.

சொந்த வீடு இன்னைக்கு என்ன புதுசா பேருக்கு வாரதுன்னு பாக்கியளா. அது பெரிய கத. வீடு நான் கட்டுனது. ஒவ்வொரு செங்கலும் நான் கட்டுனது. மனை வாங்கப் போறப்ப ஒரு சோசியர்ட்ட போனேன். அந்த மனுசன் என் ஜாதகத்த இப்படிப் பாக்காரு, அப்படிப் பாக்காரு, உதட்டப் பிதுக்குதாரு. "உமக்கு பூமி யோகம் கிடையாதுவே. உம்ம பேர்ல ஒரு பிடி மண்ணு வாங்குனாலும் தங்காது. வீட்டம்மாவுக்குச் செவ்வா நல்ல எடத்துல இருக்கு. அவ பேர்ல வாங்கும்" அப்படின்னாரு. நானும் சரின்னுட்டேன். கோமதி பேர்ல வாங்குனேன். அந்தக் காலத்துல நம்ம கூட வேலபாத்தவனுவ பாதிப் பேரு அப்படித்தான வாங்கிப் போட்டானுவ. பேருல என்ன இருக்குன்னு நெனச்சேன். பேரு அவளுக்கு, வீடு எனக்கு. அப்படித்தான எல்லா வீட்லயும்?

அவ நகையும் அதுல போட்டால்லான்னு, பத்திரம் எழுதுன வக்கீலம்மாவும் கேட்டாவ. போட்டா. யாரு இல்லங்கா. அவ அப்பா போட்டது கொஞ்சம் இருந்துச்சு, வித்தோம். எந்தப் பொம்பள குடுக்கல? அதுக்காக வீடு அவளுதாயிருமா. கட்டும்போது நான் அப்ப மெட்ராஸ் வண்டியில ஓடிக்கிட்டு இருந்தேன். வாரத்துல ரெண்டு நா வீட்டுக்கு வந்தாப் பெரிசு. கொத்தனாரு சொல்லுவான், "அண்ணே, அக்கா வயித்துப் புள்ளையோட குடம் குடமாச் சுமந்து சுவத்துக்குத் தண்ணி ஊத்துதாவ"ன்னு. ஊத்தட்டும், சுவரு பலமா நிக்கணும்லா. ஆனா எந்த எடத்துல எந்த வாசல், எந்தப் பக்கம் அடுப்பாங்கரை, எல்லாம் நான் சொன்னது. அடுப்பாங்கரைக்கு ஒரு சன்னல் வேணும்னு கேட்டா. வேக்காடு தாங்கலன்னு. அந்தப் பக்கம் சன்னல் வைக்கக் கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். வாஸ்து. இன்னைக்கு வரைக்கும் அதுல சன்னல் கிடையாது. இதுல இருந்தே தெரியலையா, வீடு யாருதுன்னு?

இன்னொரு தடவ போட்டுப் பாக்கேன். எடுக்குறதுக்கு என்ன கேடு. ரிங்கு போகுது, எடுக்க மாட்டங்கா.

இப்ப வாரேன் விசயத்துக்கு. எனக்கு ஒரே பொண்ணு, முத்தரசி. அந்த வயித்துப் புள்ளைதான். பட்டம் படிக்க வச்சேன், திருவேங்கடம் பக்கத்துல நல்ல எடமாப் பாத்துக் கட்டிக் குடுத்தேன். நாலு வருசமாச்சு. ஒரு பொட்டப்புள்ள இருக்கு. இந்த ஆடியில ஒரு நா வெடியக்காலம், புள்ளையத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கா. கையில ஒரு கட்டப்பை. வலது கண்ணு இப்படி வீங்கிக் கெடக்கு. மாப்பிள்ளை கை நீட்டிட்டான். முதல் தடவை இல்லயாம். நான் என்ன சொன்னேன்? "கோவக்கார ஆம்பள, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கத்தான் செய்வான், ரெண்டு நா இருந்துட்டுப் போம்மா" அப்படின்னேன். தப்பா? நானும் குடும்பஸ்தன்தான. கோமதிய நான் ஒரு நாளும் அடிச்சது கிடையாது. ஒரே ஒரு தடவை, அதுவும் தீவாளி அன்னைக்கு, வேற காரணம். அதை அவளே மறந்திருப்பா.

தெருவுல கேக்கானுவல்லா, "என்ன அண்ணாச்சி, பொண்ணு வந்திருக்கு போல"ன்னு. ஆடிக்கு அழைச்சிருக்கோம்னு சொல்லிச் சமாளிச்சேன். கல்யாணமாகி நாலு வருசம் கழிச்சு எவன் ஆடிக்கு அழைப்பான்? கேட்டவனும் சிரிச்சுக்கிட்டுப் போயிட்டான். சரி, ஆடி முடிஞ்சிட்டு, ஆவணி வந்துச்சு. ஆவணிக்கு என்ன சொல்ல? கோயில் கொடைக்கு இருக்கான்னேன். கொடையும் முடிஞ்சிட்டு. புரட்டாசி வந்தப்ப எனக்கு வெளிய தல காட்ட முடியல. டீக்கடைக்கே போறதில்ல. ராத்திரி தூக்கம் கிடையாது, எந்திரிச்சு மச்சுல நடப்பேன். இந்தப் பிள்ளை என்ன செய்யுதுன்னா, முன்ரூம்ல, என் ரூம்ல, உக்காந்து கம்ப்யூட்டர்ல என்னத்தையோ தட்டிக்கிட்டு இருக்கு. வேலை தேடுதாளாம்.

நான் யாரு வம்புக்கும் போகாதவன் அண்ணாச்சி. ஆனா ஒரு முடிவு வேணும்லா? மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னேன், வந்து பேசி அழைச்சுட்டுப் போங்கன்னு. சம்பந்தக்காரர் வந்தாரு, அவரு தம்பி வந்தாரு, மாப்பிள்ளையும் வந்து தலையக் கவுத்துக்கிட்டு உக்காந்தான். நல்ல மொறையாப் பேசுனாவ. இனிமே அப்படி நடக்காதுன்னு அவரு சொல்லுதாரு. பொண்ணு நான் போக மாட்டேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. எனக்கு அவங்க முன்னால முகத்த எங்க வைக்கன்னு தெரியல. நான் சொன்னேன், "இந்தா பாரு, இது என் வீடு. இங்க ஒனக்கு இனி எடம் இல்ல. பெட்டிய எடு, கெளம்பு."

அந்த நேரம் பாத்து கோமதி காப்பி கொண்டாந்தா. தட்ட வச்சா. டம்ளரெல்லாம் ஒவ்வொருத்தருக்கா எடுத்துக் குடுத்தா. குடுத்து முடிச்சுட்டு, சத்தங்கூடப் போடல, பைய சொல்லுதா. "வீடு என் பேர்ல இருக்கு. எம் பிள்ள இங்கதான் இருப்பா. காப்பி குடிச்சுட்டு நீங்க கெளம்புங்க."

என்னையும் சேத்துத்தான் சொன்னாளோ என்னமோ, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெளியல.

அண்ணாச்சி, பஸ்ல அம்பது பேர் முன்னால ஒரு செக்கர் என்னைய ஏசியிருக்கான். அப்பக்கூட எனக்கு அப்படி இருந்தது கிடையாது. முப்பத்தோரு வருசமா அந்த வீட்டுக்குள்ள அவ அந்த வார்த்தையச் சொன்னதே இல்ல. என் பேர்ல இருக்குன்னு. அது அவளுக்கு ஞாபகம் இருக்குன்னே எனக்குத் தெரியாது. சம்பந்தக்காரர் என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க, எரக்கப்பட்டுப் பாத்தாரு. காறித் துப்பியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்னைல இருந்து நான் வீட்ல கை நனைக்கல. கிளப்புக் கடையில சாப்பிட்டேன். வயித்துப் போக்கு வந்ததுதான் மிச்சம். பொறவுதான் வக்கீலம்மாவப் பாக்கப் போனேன். பரமேஸ்வரின்னு, நம்ம டெப்போ யூனியனுக்கெல்லாம் அவங்கதான் பாக்காவ. நல்ல கெட்டிக்காரப் பொம்பள. "மேடம், என் வீட்ட என் பேருக்கு மாத்தணும், என்ன வழி"ன்னேன். அவங்க எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாவ. "கோர்ட்டுக்குப் போயி, அது என் காசுல வாங்குனது, பேருதான் அவங்க பேருன்னு நிரூபிக்கலாம். வருசக்கணக்கா இழுக்கும். அவங்க நகையும் அதுல போயிருக்கு, தோத்தாலும் தோத்துருவீங்க. அவங்களா மனசொத்து தான செட்டில்மெண்ட் எழுதிக் குடுத்தா ஒரே நாள் வேலை"ன்னாவ. "ஆனா ஒண்ணு, எழுதிக் குடுக்கச் சொல்லி நீங்க மிரட்டக் கூடாது"ன்னு வேற சொன்னாவ. நான் எதுக்கு மிரட்டப் போறேன்.

பயந்துக்கிட்டேதான் போயிக் கேட்டேன், நெசமாச் சொல்லுதேன். அழுவா, ஏசுவா, அண்ணனத் தம்பியக் கூப்பிடுவான்னு நெனச்சேன். அவ அரிசி பெடைச்சுக்கிட்டு இருந்தா. மொகத்த நிமித்தல. "எழுதித் தாரேன். என்னைக்கு வரணும்?" அவ்வளவுதான். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. சண்ட போடத் தயாராப் போனவனுக்கு எதுத்தாள் எந்திரிச்சுப் போயிட்டா எப்படி இருக்கும்? பொறவு அவளே கேட்டா, "எழுதிக் குடுத்துட்டா, எனக்கும் இந்த வீட்டுக்கும் ஒண்ணும் கிடையாதுல்லா? பெருக்கல, தொடைக்கலன்னு யாரும் கேக்க முடியாதுல்லா?" பொம்பளைப் பேச்சு. நான் சிரிச்சுட்டேன்.

அதுக்கப்புறம் பாருங்க, வீடே மாறிப்போச்சு. நல்லா மாறிப்போச்சு. சண்ட கிடையாது, சத்தம் கிடையாது. முத்தரசிக்கு ராஜபாளையத்துல ஒரு மில்லுல கணக்கு எழுதுற வேலை கெடச்சிட்டு. வீடும் வாடகைக்குப் பாத்துட்டாவ, தாயும் மகளுமாப் போயி. ரெண்டு ரூமாம். ஒரு பிள்ளைக்கும் ஒரு கைப்புள்ளைக்கும் எதுக்கு ரெண்டு ரூமுன்னு கேட்டேன். காத்து வரணும்லான்னா கோமதி. அடுப்பாங்கரைக்கு ரெண்டு சன்னலாம், அதை ரெண்டு மூணு தடவ சொன்னா. சரி, எப்படியோ முன்ரூம் காலியாகுதுன்னு எனக்கு நிம்மதி.

கோழி வளத்தா, ஏழெட்டு நிக்கும். வீடெல்லாம் பீயா இருக்கும், ஒழிச்சுக் கட்டுன்னு எத்தனை வருசமாச் சொல்லியிருப்பேன். காதுல வாங்க மாட்டா. போன வாரம் அவளா எல்லாத்தையும் எதுத்த வீட்டுக்காரிக்குக் குடுத்துட்டா. பாத்தியளா, என் பேச்சுக்கு இப்பத்தான் மரியாத வந்திருக்கு. நேத்து என்னைய அடுப்பாங்கரைக்குக் கூப்பிடுதா. கேஸ் எப்படித் தெறக்கணும், எப்படி மூடணும்னு காட்டுதா. "இது துவரம்பருப்பு, இது பாசிப்பருப்பு. ஒரு ஆளுக்கு ஒரு ஆழாக்கு அரிசி போதும், கூடப் போட்டியன்னா வீணாப் போயிரும்"ங்கா. எனக்கு எதுக்குட்டி இதெல்லாம்னேன். தெரிஞ்சு வச்சுக்கிடுங்கன்னா. வேக்காடு தாங்கல, நான் பாதியிலேயே வெளிய வந்துட்டேன்.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பாக்கியோ. கதய முழுசாக் கேளுங்க.

இன்னைக்குக் காலையில ஆபீஸுக்குப் போனோம். நான் முன்னால வந்துட்டேன், அவ பின்னால முத்தரசி கூட வந்தா. வக்கீலம்மா பத்திரத்த வாசிச்சுக் காட்டுனாவ. வாசிச்சுட்டு எங்கிட்ட, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, நான் அவங்ககிட்டத் தனியாப் பேசணும்"ன்னாவ. எனக்கு அது பிடிக்கல. புருசன் பொண்டாட்டிக்குள்ள தனியா என்ன பேச்சு? ஆனாலும் வெளிய வந்தேன். கதவு தெறந்துதான் இருந்துச்சு, எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

வக்கீலம்மா சொல்லுதாவ, "அம்மா, எழுதிக் குடுக்கிறது உங்க இஷ்டம். ஆனா, உங்க ஆயுள் வரைக்கும் அந்த வீட்ல குடியிருக்க உங்களுக்கு உரிமை உண்டுன்னு ஒரு வரி சேத்துருவோம். யாரும் உங்கள வெளிய போகச் சொல்ல முடியாது. எல்லாரும் இப்படித்தான் எழுதுவாங்க." நான் அதுக்குச் சம்மதம்தான் அண்ணாச்சி. நான் என்ன அவள வெளிய தள்ளவா போறேன்? உள்ள போயி, சேத்துக்கிடுங்க மேடம்னு சொல்லத்தான் கால எடுத்து வச்சேன். அதுக்குள்ள கோமதி சொல்லிட்டா.

"வேண்டாம் தாயி. அந்த வரி இருக்கப் போறவங்களுக்குத்தான."

வக்கீலம்மா "நல்லா யோசிச்சீங்களா"ன்னாவ. "முப்பத்தோரு வருசம் யோசிச்சிருக்கேன்"ங்கா. பொறவு ரெண்டு பேரும் சிரிச்சாவ. என்ன சிரிப்பு அதுன்னு எனக்குத் தெரியல. வெளிய வந்த வக்கீலம்மா என்னைய ஒரு மாதிரிப் பாத்தாவ. பீஸ் கம்மியாப் பேசிட்டோம்னு கோவமோ என்னமோ.

நான் என்ன நெனச்சேன்னா, பெருந்தன்மை. ஒரு வரி வேண்டாம்னு சொல்லுதா, அவ்வளவு நம்பிக்க எம்மேல. அப்படித்தான் நெனச்சேன். பஸ் ஏறுற வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

ரெஜிஸ்டர் ஐயா கேட்டாரு, "சுய சம்மதத்தோட எழுதிக் குடுக்கீங்களாம்மா, யாரும் கட்டாயப்படுத்தலையே?" "சம்மதம்." போட்டோ எடுத்தாவ. வெரல் வச்சா. நல்ல பட்டுச்சேலை கட்டியிருந்தா அண்ணாச்சி, கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி. நானும் வெரல் வச்சேன், எனக்குத்தான் வெரல் சரியா விழல, மிசின் எடுக்க மாட்டங்குது. கை வேர்த்துட்டு. அவதான் முந்தானையில தொடைச்சு விட்டா. தொடைச்சு, என் கையப் பிடிச்சு மிசின்ல அமுக்கினா. கை நல்லாச் சூடா இருந்துச்சு.

வெளிய வந்ததும் நீங்க முன்னால போங்கன்னா. எங்களுக்குக் கொஞ்சம் சோலி இருக்குன்னா. பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா, எனக்கு முந்தியே முத்தரசி அங்க நிக்கா, பக்கத்துல மூணு பெட்டி, ஒரு மூட்ட. மகளுக்குச் சாமான் வாங்கியிருப்பாவன்னு நெனச்சேன். கிட்டப் போயிப் பாத்தா, அதுல ஒரு பெட்டி கோமதி கல்யாணத்துக்குக் கொண்டாந்த டிரங்குப் பெட்டி. இது எதுக்குன்னு கேக்க வாயத் தெறந்தேன். ஆனா கேக்கல. கேட்டா பதில் சொல்லிருவாளேன்னு கேக்கல. பேத்தி எனக்குக் கைய ஆட்டுச்சு. நானும் ஆட்டிட்டு இந்த பஸ்ல ஏறிட்டேன்.

ஒரு நிமிசம். எடுக்கா, எடுக்கா. ஆலோ. ஆ, நாந்தான். எங்க இருக்க? ஆலோ? என்ன சத்தம் அது? சரி. சரி. இல்ல, இன்னும் எறங்கல. அதுக்கு இல்ல கோமதி, எப்ப வருவேன்னு... சரி. ம். சரி, புள்ளையப் பாத்துக்கோ.

வச்சுட்டா.

ராஜபாளையம் பஸ்ல இருக்காளாம். புள்ள மடியில தூங்குதாம், அதான் எடுக்கலையாம். எப்ப வருவேன்னு கேட்டேன், நீங்களும் கேட்டியள்லா. அதுக்குப் பதில் சொல்லல. சாவி எதுத்த வீட்ல இருக்காம். ராத்திரிக்குச் சோறு வடிச்சு வச்சிருக்காளாம், குழம்ப மட்டும் சுட வச்சுக்கிடணுமாம். கேஸ மறக்காம மூடணுமாம். பொறவு சொன்னா, "உங்க வீட்ட நல்லாப் பாத்துக்கிடுங்க." கோவமா எல்லாம் சொல்லல அண்ணாச்சி. நல்லபடியாத்தான் சொன்னா. உங்க வீடுன்னா.

இத்தன வருசமும் நான் இத அவ வாயில இருந்து கேக்கணும்னுதான் நெனச்சிருக்கேன் போல. கேட்டுட்டேன்.

என்ன, கண்டக்டர் தம்பி கூப்பிடுதாரா. ஆமா, புளியங்குளம் விலக்குதான். என் ஸ்டாப்தான். அந்த வேப்பமரத்துக்கு அங்கிட்டு, மஞ்சச் சுவர் தெரியுது பாருங்க, அதுதான் வீடு. நல்லா இருக்கா? நல்லாத்தான் இருக்கு. எந்திரிக்கத்தான் பாக்கேன்.

நான் வண்டியில ஓடுன காலத்துல நடுச்சாமத்துல வருவேன், வெடியக்காலம் வருவேன். எப்ப வந்தாலும் உள்ள லைட்டு எரியும். கதவத் தட்டக்கூட வேண்டியதில்ல, செருப்புச் சத்தம் கேட்டுத் தெறப்பா. அந்த வீட்ட வெளிய இருந்து சாவி போட்டு நான் ஒரு நாளும் தெறந்தது கிடையாது. தெறக்கத் தெரியும், அதுல ஒண்ணும் இல்ல. உள்ள போகத்தான் அண்ணாச்சி எனக்குப் பயமா இருக்கு.

தம்பி, ரைட் குடுப்பா. நான் எறங்கல. எனக்குப் பாஸ் இருக்கு, எங்க வேணும்னாலும் போகலாம்.

நீங்க தென்காசிதான? நானும் அதுவரைக்கும் வாரேன். அங்க எனக்கு ஒரு சோலியும் இல்ல. திரும்பி வர பஸ் இருக்குல்லா, ராத்திரி வரைக்கும் இருக்கு. நீங்க சொல்லுங்க, நானே பேசிக்கிட்டு வாரேன். உங்க வீட்ல எத்தனை பேரு?